பேணுதலே உடைமை

ஒரு கருவி நமக்குச் சொந்தமாவது எப்போது? விலை கொடுத்து வாங்கிய அன்றா? விழா எடுத்துத் திறந்து வைத்த அன்றா? அன்றி, அது பழுதுற்ற நாளில் நாமே திறந்து, குறை கண்டு, மாற்ற வேண்டியதை மாற்றி, மீண்டும் இயங்கச் செய்த அன்றா? மூன்றாவதே விடை என்பது இக்கட்டுரையின் துணிபு. இதனை நிறுவுவதற்கு இன்று உலகெங்கும் பேசப்படும் ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். நீரால் குளிர்விக்கப்படும் பெருங்கணினி ஒன்றில் பழுதுற்ற வரைகலைச் செயலியை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் புதியதைப் பொருத்தும் வேலையே அது. தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். இவ்வேலையில் தமிழுக்கும் பங்கு உண்டு. நம் சமுதாயப் பெரியோர்க்கும் பங்கு உண்டு.

திருச்சியில் ஒரு 'பொருள்'

திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள் 'பரம் பொருள்' என்னும் மீத்திறன் கணினி தொடங்கி வைக்கப்பெற்றது. தேசிய மீத்திறன் கணினித் திட்டத்தின்கீழ் 'சி-டாக்' நிறுவனத்தின் துணையோடு அமைந்தது இது. நொடிக்கு 838 இலட்சம் கோடிக் கணக்குகளைச் செய்யவல்லது. 1991-இல் 'பரம் 8000' என்னும் கணினியை உருவாக்கிய அந்நிறுவனம், தன் கணினி வரிசைக்குப் 'பரம்' என்னும் பெயரையே வழங்கி வருகிறது. அதனோடு இணைந்த 'பொருள்' என்பதோ நம் சொல். சொல்லின் கருத்தும் பொருள். ஈட்டும் செல்வமும் பொருள். கையால் தொட்டறியும் பண்டமும் பொருள். இம்மூன்றனுள் கையால் தொட்டறியும் பண்டத்தை நாம் எப்போதும் கடைசியில் வைத்துவிடுகிறோம். கருத்தைப் போற்றுகிறோம், செல்வத்தை நாடுகிறோம், பண்டத்தைத் திறந்து பழுது பார்ப்பவரை மட்டும் வாயிற்படியிலேயே நிறுத்திவிடுகிறோம்.

அக்கணினியில் பொதுச் செயலிகள் கொண்ட கணுக்களோடு வரைகலைச் செயலிகள் கொண்ட கணுக்களும் உள்ளன. அது குளிர்விக்கப்படுவது நேர்த்தொடு நீர்ம முறையால் ஆகும். 'நேர்த்தொடு' என்றவுடன் நீர் செயலியின்மேல் பாய்கிறது எனக் கொள்ளுதல் வேண்டா. உட்புறம் நுண்ணிய வாய்க்கால்கள் அமைந்த உலோகத் தகடு ஒன்று செயலியின்மேல் நெருங்கப் படிந்திருக்கும். குளிர்நீர் அத்தகட்டினுள் ஓடி வெப்பத்தை வாங்கிச் செல்லும். தகடு செயலியைத் தொடும். நீர் தகட்டை மட்டுமே தொடும்.

வரைகலைச் செயலி என்பது முதலில் திரையில் படம் வரைவதற்கென்றே தோன்றியது. ஒரே வகைக் கணக்குகளைப் பல்லாயிரக்கணக்கில் ஒருங்கே செய்யும் அதன் ஆற்றல் பின்னர் வானிலைக் கணிப்பு, மருந்தாய்வு, செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றுக்கும் பயன்படலாயிற்று. ஆற்றல் பெருகியது போலவே வெப்பமும் பெருகியது. 2017-இல் அறிமுகமான 'வி100' என்னும் செயலி 300 வாட் வரை மின்சாரம் கொண்டது. 2022-இல் அறிமுகமான 'எச்100' 700 வாட் வரை கொள்கிறது. நம் வீட்டு இஸ்திரிப்பெட்டி ஒன்றின் அளவு அது. உள்ளங்கையினும் சிறிய சில்லு ஒன்று இஸ்திரிப்பெட்டியின் சூட்டை இரவும் பகலும் ஓயாது கக்குகிறது. அத்தகையவை எட்டு ஒரே பெட்டிக்குள் அடுக்கப்படுகின்றன. இச்சூட்டை ஆற்றக் காற்று திணறுகிறது. ஒரே கன அளவு காற்றினும் நீர் 3,000 மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தாங்கிச் செல்லும். ஆகவேதான் மின்சாரத்துக்குப் பகையெனக் கருதப்பட்ட நீரையே அதற்குத் துணையாக்கினர். 2012-இல் செருமனியின் கார்ச்சிங் நகரில் நிறுவப்பெற்ற 'சூப்பர்எம்யூசி' கணினி, வெதுவெதுப்பான நீரைக் கொண்டே குளிர்விக்கப்பட்டது. வெளிவந்த வெந்நீர், பனிக்காலத்தில் அவ்வளாகக் கட்டடங்களைச் சூடாக்கவும் உதவியது.

ஒன்றை மாற்றும் முறை

இத்தகைய கணினியில் ஒரு செயலி பழுதுறுதல் வியப்புக்குரியதன்று, அன்றாட நிகழ்ச்சியே. 2024-இல் 'மெட்டா' நிறுவனம் தன் 'லாமா 3' மொழி மாதிரியை உருவாக்கிய வரலாற்றை வெளியிட்டது. 16,384 வரைகலைச் செயலிகள் ஒருங்கு உழைத்த 54 நாள்களில் எதிர்பாராத தடைகள் 419 நேர்ந்தன என்றும், அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை வரைகலைச் செயலிகளைச் சார்ந்தவை என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. ஏறத்தாழ மூன்று மணி நேரத்திற்கு ஒரு தடை என்பது கணக்கு. குளிர்விக்கும் முறை காற்றாயினும் நீராயினும், பெருங்கணினி என்றால் பழுது நீக்குவோர் அதன் அருகிலேயே இருந்தாக வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

அவர் செய்யும் வேலைதான் யாது? நிறுவனத்துக்கு நிறுவனம் நுணுக்கம் வேறுபடினும் முறை ஏறத்தாழ ஒன்றே. முதலில் குற்றம் செயலியினதுதானா, அதனைத் தாங்கும் பலகையினதா, மின்னிணைப்பினதா, நீரோட்டம் குறைந்ததனாலா என்று ஆராய்தல் வேண்டும். நோய் நாடாது மருந்து கொடுத்தல் இங்கும் பெருங்கேடு. பின்னர் அக்கணுவிற்குப் புதிய பணிகள் வாராதபடி தடுத்து, நடக்கும் பணிகள் முடிந்தபின் நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்தல் வேண்டும். கையில் நிலைமின் காப்புப் பட்டை அணிந்த பின்னரே உள்ளே தொடுதல் தகும். நீர்க்குழாய்களின் இணைப்பான்கள் கழற்றியவுடன் இருபுறமும் தாமே மூடிக்கொள்ளும் வகையில் அமைந்தவை. ஆயினும் ஒரு துளியும் வீழவில்லை என்பதைக் கண்ணாலும் துணியாலும் உறுதி செய்தல் வேண்டும்.

அடுத்துக் குளிர்தகட்டின் திருகுகளைக் குறித்த வரிசைப்படி தளர்த்தித் தகட்டை நேராகத் தூக்குதல் வேண்டும். பழைய செயலியை எடுத்தபின் தகட்டில் ஒட்டியுள்ள வெப்பப்பசையை முற்றத் துடைத்து, நினைவகச் சில்லுகளின்மேல் இருந்த மென்பட்டைகளைப் புதியனவாக மாற்றுதல் வேண்டும். பசையைக் குறைத்துப் பூசினால் இடையே காற்றுப் புகுந்து சூடு தங்கும்; மிகுத்துப் பூசினாலோ பசையே தடையாகும். திருகுகளை முடுக்கும்போது ஒன்றை முழுதும் முடுக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்லலாகாது. சக்கரத்தின் நட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்குவது போல, முறுக்குவிசையை அளந்து காட்டும் திருப்புளி கொண்டு எல்லாவற்றையும் ஒருங்கே இறுக்குதல் வேண்டும். ஒருபுறம் மட்டும் அழுத்தம் மிகுமாயின் சில்லின் மூலை வெடித்துவிடும். ஒரு திருகின் பொறுமையின்மையால் இலட்சக்கணக்கான ரூபாய் வீணாகும்.

பின்னர் நீர்வழியைப் பூட்டி ஒழுக்கு உண்டா எனச் சோதித்து, உள்ளே தங்கிய காற்றுக் குமிழ்களை வெளியேற்றி, நீரோட்டத்தின் அளவைப் பார்த்தல் வேண்டும். அதன்பின் மின்சாரம் தந்து, புதிய செயலியின் உள்மென்பொருள் மற்றவற்றோடு ஒத்துள்ளதா என அறிந்து, சில மணி நேரம் முழுப்பளுவில் இயக்கி, வெப்பம் நிலைநிற்கக் கண்ட பின்னரே அக்கணுவைப் பணிக்குத் திருப்புதல் முறை. எடுத்ததன் எண், வைத்ததன் எண், செய்தவர் பெயர், நாள் ஆகியவற்றை ஏட்டில் பதிந்தால் வேலை முடிந்தது.

இவ்வளவும் படித்தவர்க்கு ஓர் உண்மை விளங்கும். இங்கே வேண்டப்படுவன தூய்மை, வரிசை, அளவு, பொறுமை, பதிவு என்னும் ஐந்துமே. இவை ஏட்டறிவால் மட்டும் வாரா. கைப்பழக்கத்தால் மட்டும் வாரா. இரண்டும் கூடிய இடத்தில் வருவன.

நம் ஊர் அறிந்த கலை

கணியூர் என்னும் ஊர்ப்பெயரின் வரலாறு எதுவாயினும், அதன் முதலில் நிற்கும் 'கணி' என்னும் சொல்லிலிருந்தே கணக்கும் கணிதமும் கணினியும் கிளைத்தன போல நம் காதுக்கு ஒலிக்கிறது. இப்பெயர்ப் பொருத்தத்தினும் மேலான பொருத்தம் ஒன்று உண்டு. அமராவதிக் கரையில் நெல்லும் கரும்பும் தென்னையும் வளர்ந்த இப்பகுதியின் இளைஞர்கள், உடுமலை வட்டாரத்து நூற்பாலைகளிலும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்து வருபவர்கள். வட்டப் பின்னல் எந்திரம் ஒன்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் இருக்கும். அவற்றுள் ஒன்று வளைந்தாலும் துணியில் நெடுக ஒரு கோடு விழும். அக்கோட்டைக் கண்டதும் எந்திரத்தை நிறுத்தி, இரண்டாயிரத்துள் பழுதுற்ற அந்த ஒன்றை மட்டும் இனங்கண்டு மாற்றி, மற்றவற்றைத் தொடாது விடும் மெக்கானிக்கின் அறிவு எத்தகையது! பெருங்கணினியில் ஒரு செயலியை மாற்றுவோரின் அறிவும் இவ்வகையினதே.

நீரைப் பற்றிய அறிவோ இன்னும் ஒரு படி மேலானது. கடின நீரில் சாயம் ஏறாது என்பதையும், கொதிகலனுள் உப்புப் படிந்தால் வெப்பம் ஏறாது என்பதையும், நீரின் காரத்தன்மையை நாள்தோறும் அளந்தாக வேண்டும் என்பதையும் திருப்பூர்ச் சாய ஆலைத் தொழிலாளிக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கணினிக்குள் ஓடும் நீரும் இவ்விதிகளுக்கே உட்பட்டது. உப்பு நீக்கிய நீர், அல்லது 25 விழுக்காடு புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த நீர் அதில் பயன்படுத்தப்படுகிறது. அரிப்பைத் தடுக்கும் மருந்தும் பாசியையும் நுண்ணுயிரையும் தடுக்கும் மருந்தும் அதிற் சேர்க்கப்பெறும். செம்பும் அலுமினியமும் ஒரே நீர்வழியில் கலந்தால் ஒன்று மற்றொன்றை அரிக்கும். நுண்ணிய வாய்க்காலில் அழுக்குப் படிந்தால் செயலி சூடேறி நின்றுவிடும். நீரைப் பேணாதவர் அக்கணினியைப் பேண இயலாது.

வேறொரு பாடமும் நம்மிடம் உண்டு, அது கசப்பானது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததன் விளைவாக, 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடுமாறு ஆணையிட்டது. தொழில் நின்றது, தொழிலாளர் தவித்தனர். பின்னர், கழிவுநீரைத் துளியும் வெளிவிடாது சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறையோடுதான் அத்தொழில் எழுந்தது. கருவியை ஓட்டத் தெரிந்து அதன் கழிவைப் பேணத் தெரியாவிடின் என்ன நேரும் என்பதற்கு நாமே சான்று. கணினி யுகத்தின் குளிர்நீரையும் கழித்த செயலிகளையும் கையாளும் பொறுப்பை நம்மவர்களிடம் நம்பிக்கையோடு ஒப்படைக்கலாம். ஏனெனில் அவர்கள் விலை கொடுத்துக் கற்றவர்கள்.

மரபு காட்டும் வழி

இதனை மேலைநாட்டாரிடம் கற்க வேண்டிய புதுமை என எண்ணுதல் வேண்டா. தியார்பக்கிர் நகரில் அர்த்துக்கிய அரசரிடம் பணிபுரிந்த அல்-ஜஸரி என்னும் பொறியாளர், 1206-இல் எந்திரக் கருவிகளைப் பற்றிய பெருநூலை எழுதி முடித்தார். நீர்க் கடிகாரங்கள், நீரிறைக்கும் பொறிகள், நீரால் இயங்கும் விந்தைக் கருவிகள் எனப் பலவற்றை அதில் விரித்துரைத்தார். அந்நூலின் பெருமை கருவிகளின் விந்தையில் மட்டும் இல்லை. எவ்வுலோகம், எவ்வளவு, எதை எதனோடு பொருத்துவது, எப்படிச் சோதிப்பது என்பவற்றை மற்றொரு கைவினைஞர் படித்துச் செய்யத்தக்க வகையில் அவர் எழுதினார். அடைப்பானும் அதன் இருக்கையும் நீர் கசியாவண்ணம் பொருந்துவதற்கு அவற்றைக் குருந்தப்பொடி இட்டு ஒன்றோடொன்று தேய்க்கும் முறையைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அறிஞர் ஒழுக்கு நீக்குதலைப் பற்றி எழுதத் தயங்கவில்லை. இன்று நம் பட்டதாரி திருப்புளியைக் கையில் எடுக்கத் தயங்குகிறார்!

செய்யும் வேலையைச் செம்மையுற முடித்தலை 'இத்கான்' எனும் சொல்லால் இஸ்லாமிய அறநெறி போற்றுகிறது. பிறர் நம்பி ஒப்படைத்ததைக் காத்தலை 'அமானிதம்' என்கிறோம். ஆய்வு மாணவர் ஒருவர் பல நாள் உழைப்பைக் கணினியில் ஏற்றிவிட்டுத் தன் அறைக்குச் செல்கிறார். அவ்வுழைப்பு அதனைப் பேணுபவரிடம் விடப்பட்ட அமானிதமே அன்றோ?

சமுதாயப் பெரியோர் சிந்தனைக்கு மற்றொன்றும் உண்டு. வக்ஃபுச் சொத்தின் வருவாயில் முதற்செலவு அச்சொத்தைப் பழுது பார்த்தலே என்பதும், வக்ஃபு செய்தவர் ஆவணத்தில் அவ்வாறு எழுதாவிடினும் அதுவே முறை என்பதும் ஹனஃபிச் சட்ட மரபு. பயன் பெறுவோர்க்குப் பகிர்ந்தளிப்பது அதற்குப் பின்னரே. எத்துணை ஆழ்ந்த சிந்தனை! கூரை ஒழுகும் சத்திரம் வழிப்போக்கர்க்கு எவ்வாறு பயன்படும்? இந்நெறியைக் கட்டடங்களுக்குப் பொருத்திய நாம், கருவிகளுக்குப் பொருத்த மறந்துவிட்டோம். கல்வி நிலையங்களுக்குக் கணினிக்கூடம் அமைத்துத் தரும் கொடையாளர் பலர். அவை மூன்றாண்டு கழிந்தபின் இயங்குவதற்கென ஒரு தொகையை ஒதுக்குவோர் மிகச் சிலரே. நன்கொடையாளர் பெயர் பொறித்த கல் பளபளக்க, உள்ளே கணினிகள் உறை போர்த்தி உறங்கும் காட்சி பல ஊர்களில் காணக்கூடியதே.

தமிழின் கடமை

இவ்வேலைக்கு வேண்டிய கையேடுகள் ஆங்கிலத்தில் உள்ளனவே. தமிழ் எதற்கு என்பார் உளர். ஆங்கிலம் வேண்டா என்பது நம் கருத்தன்று; அதனை அவசியம் கற்கவே வேண்டும். ஆனால் அவசரத்தில், ஒழுகும் குழாயின் முன் நிற்கும் ஒருவருக்குத் தாய்மொழியில் உள்ள நான்கு வரிகள் தரும் தெளிவைப் பிறமொழி நாற்பது பக்கங்கள் தாரா. மேலும், கையேட்டைப் படிக்க இயன்றவரே தொழிலில் உயர்வர் எனில், கைத்திறன் மிக்க ஆயிரம் பேரை மொழி என்னும் வாயிலிலேயே நிறுத்திவிடுகிறோம்.

தமிழால் இயலும் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டா. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். 1867-இல் 'இரணவைத்தியம்', 1875-இல் 'கெமிஸ்தம்' ஆகிய நூல்களை வெளியிட்டார். நம் காலத்தில், யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராய் விளங்கிய மணவை முஸ்தபா, மருத்துவத்துக்கும் கணினிக்கும் கலைச்சொல் அகராதிகளைத் தனியொருவராய்த் தொகுத்தார். 2017-இல் அவர் மறைந்தபோது தமிழுக்கு அவர் விட்டுச் சென்றது சொற்செல்வம். அச்செல்வத்தைக் கொண்டு தொழில் வாக்கியங்களை அமைப்பது அடுத்த தலைமுறையின் கடன். 'தளர்த்துக', 'துடைக்க', 'அளந்து இறுக்குக', 'ஒழுக்கு உண்டா எனக் காண்க' என்னும் ஏவல் வாக்கியங்களும் இலக்கியத்துக்கு இணையான தமிழே. ஆலைத் தொழிலாளர் நாவில் வழங்கும் சொற்களையும் அதில் தயங்காது ஏற்றல் வேண்டும்.

உத்தரவாதக் காலத்தில் நிறுவனத்தாரே வந்து மாற்றித் தருவர். நாம் ஏன் கற்க வேண்டும் என்பது மற்றொரு வினா. உண்மைதான், அக்காலத்தில் அவர்தம் விதிப்படியே நடத்தல் வேண்டும். பயிற்சியின்றித் திறப்பது துணிவன்று, அறியாமை. ஆயினும் உத்தரவாதத்துக்கு முடிவு உண்டு. கருவியின் பயனோ அதன்பின்னும் நீளும். மேலும், அந்நிறுவனத்தின் சார்பில் பையுடன் வந்து பழுது நீக்கும் அந்த இளைஞர் நம் ஊர்ப் பிள்ளையாக இருக்கக்கூடாது என்று விதி ஏதும் இல்லையே!

செய்யத்தக்கன மூன்று. கருவிக்கெனக் கொடை அளிப்போர், அதன் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென்றே தனியே எழுதி வைத்தல் வேண்டும். நம் போன்ற கல்லூரிகள், பயன்பாட்டில் இல்லாத பழைய கணினிகளைக் கழிவென ஒதுக்காது, மாணவர் கழற்றிப் பூட்டிப் பழகும் பயிற்சிக்கூடமாக மாற்றுதல் வேண்டும். ஆலை மெக்கானிக்குகளை அங்கே ஆசிரியராக அழைத்தலும் வேண்டும். தமிழ்த்துறை, கணினித்துறையோடு கூடி, பழுது நீக்கும் முறைகளை எளிய தமிழில் சிறு கையேடுகளாக எழுதி வெளியிடுதல் வேண்டும். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டா, மனமே வேண்டும்.

விலைக்கு வாங்கிய கருவி வாங்கியவர் வீட்டில் இருக்கும். பேணத் தெரிந்தவர் கையிலேயே அது வாழும். பஞ்சை நூலாக்கி, நூலைத் துணியாக்கி, துணியை உலகுக்கு உடையாக்கிய கைகள் இப்பகுதியின் கைகள். அக்கைகளுக்கு இனிவரும் கருவிகளைத் திறக்கும் உரிமையையும் மூடும் அறிவையும் தருவது கல்வியின் கடன். அக்கடனை நிறைவேற்ற இம்மலர் ஒரு தொடக்கமாக அமையட்டும், இன்ஷா அல்லாஹ்.